“பராமரிப்புத் தொல்லையே இல்லை!” பத்திரத்தில் இருக்கிறதா?

தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரம். ஜூன் மாதம் சாரல் பிடித்தால் ஊரே குளுகுளு! “ரிட்டையர் ஆனதும் இங்கே வந்து உட்கார்ந்துவிட வேண்டும்” என்று ஆசைப்படாத வெளியூர்க்காரர்கள் குறைவு.

அதே சாரல்தான் வயதானவர்களைப் பாடாய்ப் படுத்தும். சுவரில் ஓதம் ஏறும். முற்றத்தில் பாசி பிடிக்கும். கால் வழுக்கினால் இடுப்பு எலும்பு போச்சு! ஓடு மாற்ற ஆளைக் கூப்பிட்டால் “நாளைக்கு வாரேன் அண்ணாச்சி” என்பார். வர மாட்டார். பிள்ளைகளோ சென்னையில், துபாயில்.

கோவை வழி

இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கோவையைச் சுற்றிப் பல வருஷமாக முதியோர் குடியிருப்புகள் நடக்கின்றன. சமையல், துப்புரவு, குழாய் ரிப்பேர், அவசரத்துக்கு நர்ஸ்... எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டுக்கு ஒரு தொகை. பிறகு மாதாமாதம் ஒரு தொகை. “பராமரிப்புத் தொல்லையே இல்லை” என்கிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். பெற்றவர்கள் அங்கே போனால் பிள்ளைகளை ஏசுவதும் நியாயம் அல்ல.

ஆனால் ஒன்று. பராமரிப்பு எங்கேயும் போய்விடவில்லை. கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குக் கூலி கொடுப்பவர் அதே பெரியவர்தான்!

மாதத் தொகை ஏறிக்கொண்டே போகும். பென்ஷன் ஏறுமா? அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. மில்லிலும் கம்பெனியிலும் உழைத்தவருக்கு? பி.எப். பென்ஷன் குறைந்தது மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். விலைவாசி ஏறினால் அந்தப் பென்ஷன் கூடவே ஏறாது.

கேளுங்கள்!

மாதத் தொகை வருஷத்துக்கு எவ்வளவு கூடும்? படுத்த படுக்கையானால் பார்ப்பார்களா, “கூட்டிக்கிட்டுப் போங்க” என்பார்களா? கணவர் காலமானால் மனைவி அதே வீட்டில் இருக்கலாமா? கம்பெனி கையை விரித்தால் யார் பொறுப்பு? வெளியே வந்தால் போட்ட பணம் திரும்புமா?

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஒரு மாதிரி நெறிமுறை வெளியிட்டது. கட்டுகிறவர், நடத்துகிறவர், வாங்குகிறவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது அது. ஆனால் அது வெறும் நெறிமுறைதான், சட்டம் அல்ல. வாங்குகிறவர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மகனிடமும்தான்!

அவ்வளவு பணத்துக்கு எங்கே போக என்று, இருக்கும் வீட்டை மகன் பேரில் எழுதிக் கொடுப்பவர்களே அதிகம். “கடைசி வரைக்கும் பாத்துக்கிடுவான்” என்று நம்பிக்கை.

பார்க்காவிட்டால்? 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி, கொடுத்த சொத்தை ரத்து செய்யலாம். ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் போதும். ஆனால் “என்னைப் பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ரத்து கேட்க முடியாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு ஆபீஸ் ஆபீசாக அலைவானேன்?

கம்பெனி ஆனாலும் சரி, பெற்ற மகனே ஆனாலும் சரி. வாய்ப் பேச்சு போதாது. மூக்குக் கண்ணாடியை மாட்டி, வரிக்கு வரி படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க, பெரியவங்களே!