யார் சார் சாம்பியன்?

"இந்த வருஷம் ஃபார்முலா ஒன் சாம்பியன் யார் சார்?" என்று ஆபீஸில் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து காபி குடிக்கப் போய்விடுகிறேன். பட்ட சூடு அப்படி.

2007-ல் இரண்டே ரேஸ் பாக்கி. ஜெயித்தால் 10 பாயிண்ட். ராய்க்கோனனைவிட ஹாமில்டன் 17 பாயிண்ட் முன்னால். கால்குலேட்டர்கூட வேண்டாம் என்று ஒரு வார டிபனைப் பந்தயம் கட்டினேன். ஷாங்காயில், டயர் மாற்றத் திரும்புகிற வழியிலேயே, தேய்ந்த டயரோடு சறுக்கி ஜல்லியில் மாட்டிக்கொண்டார் மனுஷன். கடைசிக் கணக்கு: ராய்க்கோனன் 110, ஹாமில்டன் 109. டிபன் போச்சு.

2008-ல் உஷாராக மாஸா பக்கம் சாய்ந்தேன். கடைசி ரேஸ் அவர் பிறந்த ஊரான சாவ் பாலோவில். ஜெயித்தே விட்டார்! பட்டத்துக்கு ஹாமில்டன் ஐந்தாவதாக வரவேண்டும், வந்துகொண்டிருந்ததோ ஆறாவதாக. மாஸா குடும்பம் துள்ளிக் குதித்தது. நானும்தான். அந்த நேரம் பார்த்து, கடைசி வளைவில், மழைக்கு ஆகாத டயரோடு தடுமாறிய க்ளோக்கைத் தாண்டிவிட்டார் ஹாமில்டன். 98-க்கு 97!

கண்ணீரும் மழையுமாக மேடையேறி, தன் ஊர் ஜனங்களைப் பார்த்து நெஞ்சைத் தட்டிக்கொண்டார் மாஸா. ரேஸை ஜெயித்தவர் அவர். இந்த முறையும் டிபன் போனது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

பாயிண்ட் டேபிளில் யார் முன்னால் என்று தெரியும். எந்த டயர் எப்போது தேயும், எந்த மேகம் எப்போது கொட்டும் என்பதற்கு அதில் காலமே இல்லையே!

சரி, காபிக்கு வர்றீங்களா? உங்க கணக்குல.