வானத்துக் கண் யாரைப் பார்க்க?

2012 ஏப்ரல் 19ந் தேதி ஒடிசாக் கடற்கரையை அடுத்த தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணை முதல் முறையாகப் பறந்தது. சுமார் 50 டன் எடை; 5,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும். சோதனைக்குப் பின் ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் அன்றைய தலைவர் வி.கே. சரஸ்வத் ஒரு செய்தி சொன்னார். இதே ஏவுகணையைக் கொண்டு, வேண்டிய நேரத்தில் சிறு செயற்கைக் கோள்களையும் வானில் ஏற்றலாம் என்பதே அது.

முண்டியம்பாக்கத்தில் கரும்பு அரைக்கும் தொழிலாளிக்கும், மயிலத்தில் நாற்று நடும் பெண்ணுக்கும் இதனால் என்ன என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

குண்டு சுமக்கும் ஏவுகணையும், கோள் ஏற்றும் ராக்கெட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மேலே போய்த் திரும்பப் பூமியில் விழுந்தால் அது ஏவுகணை. விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் கொடுத்து, விழாமல் பூமியைச் சுற்ற வைத்தால் அது செயற்கைக் கோள். 1957 அக்டோபர் 4ந் தேதி சோவியத் நாடு ஏற்றிய ஸ்புட்னிக்கும் ஆர்-7 ஏவுகணையின் மீதுதான் சென்றது. நம் நாட்டில் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்றது. 1980 ஜூலை 18ந் தேதி ரோகிணியை ஏற்றிய எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் அடுக்கே, 1989 மே 22ந் தேதி பறந்த முதல் அக்னியின் முதல் அடுக்காயிற்று.

ஆகவே இரும்பின் மீது நமக்குக் கோபமில்லை. அது யார் கையில், எதற்காக என்பதே கேள்வி. சோவியத் நாடு படைத்த ஆர்-36 ஏவுகணைகளில் சிலவற்றின் குண்டுகளைக் கழற்றி, 1999 முதல் 2015 வரை பல நாட்டுக் கோள்களை ஏற்றினார்கள். அமெரிக்க ராணுவமோ, பணியிலிருந்து இறக்கிய மினிட்மேன் ஏவுகணையின் அடுக்குகளைக் கொண்டு மினோட்டார் ராக்கெட்டைச் செய்து, 2006 டிசம்பர் 16ந் தேதி 'டாக்சாட்-2' என்ற ராணுவக் கோளை ஏற்றியது. ஏவுகணை ஓய்வு பெற்றது. யுத்த வேலை ஓய்வு பெறவில்லை.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எழும்பும் ஏவுகணையின் தலையில் இருப்பது குண்டா, கோளா என்று பக்கத்து நாட்டின் ராடாருக்குத் தெரியாது. 1995 ஜனவரி 25ந் தேதி நார்வேயிலிருந்து ஏவிய ஓர் ஆராய்ச்சி ராக்கெட்டை ரஷ்ய ராடார்கள் தாக்குதலோ என்று சந்தேகித்தன. அணுகுண்டுக்கு உத்தரவிடும் பெட்டி எல்ட்சின் முன்னே கொண்டுவரப்பட்டது. அது வெறும் விஞ்ஞான ராக்கெட். அணுகுண்டு சுமக்கவே பிறந்த அக்னி எழும்பினால், எதிரே அணுகுண்டுடன் நிற்கும் நாடுகள் சில நிமிஷங்களில் என்ன முடிவு எடுக்கும்? அந்த நிமிஷங்களில் எந்த ஏழையின் குடிசைக்கும் பாதுகாப்பு இல்லை.

வானம் ஏற்கெனவே யுத்தக் களமாகி வருகிறது. 2019 ஜனவரி 24ந் தேதி ஏற்றிய மைக்ரோசாட்-ஆர் கோளை, மார்ச் 27ந் தேதி நம் ஏவுகணையே உடைத்து நொறுக்கியது. லோக்சபைத் தேர்தல் நேரத்தில் பிரதமரே தொலைக்காட்சியில் தோன்றி அதை முழங்கினார். 2024 அக்டோபரில் 52 உளவுக் கோள்களுக்கு 26,968 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய சர்க்கார் இசைவு தந்தது. இவற்றில் 31 தனியார் கம்பெனிகள் செய்யப் போகின்றன. மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த விஞ்ஞானம்; லாபம் மட்டும் முதலாளிக்கு!

இரண்டு மாதம் கழியவில்லை. நவம்பர் 30ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிப் பல மணி நேரம் நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விழுப்புரமும் திண்டிவனமும் மூழ்கின. சாத்தனூர் அணையில் திறந்த 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணைக் கரை ஊர்களில் புகுந்தது. வானிலைக் கோள்கள் புயலை மேலிருந்து பார்த்துக் கொண்டுதான் இருந்தன. பார்த்த கண் இருந்தது. பாதுகாக்கும் கை போதவில்லை. உறுதியான கரையும், தூர் வாரிய ஏரியும், ஊர்தோறும் புயல் பாதுகாப்புக் கூடமும் இல்லாமல் கோள் மட்டும் யாரைக் காப்பாற்றும்?

மாநிலம் அவசர நிதியாக 2,000 கோடி கேட்டது. மத்திய சர்க்கார் விடுவித்தது, பேரிடர் நிதியின் தன் பங்கான 944.80 கோடி. பயிருக்கு ஹெக்டேர் கணக்கில் நிவாரணம். நிலமில்லாத விவசாயத் தொழிலாளிக்கு ஹெக்டேர் ஏது? வேலையில்லாமல் போன நாட்களின் கூலியை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

நாம் விஞ்ஞானத்தின் விரோதிகள் அல்ல. 2023 ஆகஸ்ட் 23ந் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன் என்று இந்த ஜில்லாவே பூரித்தது. தொழிலாளி வீட்டு அறிவு சந்திரனைத் தொடும். அந்த அறிவை உளவுக்கும் அழிவுக்கும் அடகு வைக்காதே என்பதே நம் கோரிக்கை.

நாட்டின் பாதுகாப்பு வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டான். ஆனால் ரகசியம் என்ற திரையின் பின்னால் கோடிகள் கைமாறக் கூடாது. ராணுவக் கோள்களின் செலவுக் கணக்கைப் பார்லிமெண்டில் வை! அணு ஏவுகணையைக் கோள் ஏற்றும் வாகனமாக்காதே! 1967 உடன்படிக்கை அணுகுண்டு போன்ற பேரழிவு ஆயுதங்களை மட்டுமே விண்வெளிச் சுற்றிலிருந்து தடுக்கிறது. எல்லா ஆயுதங்களையும் தடுக்கும் உடன்படிக்கைக்கு இந்தியா முன்னின்று குரல் கொடு! விண்வெளித் தொழிலைப் பொதுத்துறையிலேயே வைத்துக் கொள்! புயலில் கூலி இழந்த தொழிலாளிக்கும் நிவாரணம் கொடு!

இந்தக் கோரிக்கைகளை ஆலை வாயிலிலும் களத்து மேட்டிலும் பேசுவோம். சங்கக் கூட்டந்தோறும் தீர்மானம் போடுவோம். வானத்தில் கண் வைக்கும் சர்க்காரை, மண்ணில் நிற்கும் மக்களைப் பார்க்க வைப்போம்.