குஞ்சு காக்கும் விராலை அடிப்பதுதான் வீரமா?

ஐப்பசி மழை நின்று பெய்து, உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிகளில் தண்ணீர் கோரையைத் தொட்டுவிட்டால் போதும். கரையில் பைக்குகள் வரிசை கட்டும். ஒரு காலத்தில் மூங்கில் கழி, தங்கூசி நூல், மயிலிறகுத் தண்டில் தக்கை, மண்புழு டப்பா. இன்றைக்கு கார்பன் ராடு, பெய்ட்காஸ்ட்டிங் ரீல், ரப்பர் தவளை, தொப்பியில் கேமரா. காசு இருப்பவன் கயாக் இறக்குகிறான், இல்லாதவன் லாரி டியூபில் உட்கார்ந்து போகிறான்.

அதில் ஒன்றும் தப்பில்லை. மீன் பிடிப்பவனைப் பார்த்து "வேலைவெட்டி இல்லாதவன்" என்று சொல்லும் பெரிசுகளோடு சண்டை போட இன்னொரு நாள் இருக்கிறது. இங்கே மேட்டர் வேறு.

கோரைக்கு நடுவே, ஆம்பல் இலை ஓரமாக, தண்ணீர் மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு தெரியும். தட்டு அகலம் இருக்கும். உலை கொதிக்கிற மாதிரி குமிழ் விடும், மறையும், நாலு அடி தள்ளி மறுபடி கொதிக்கும். விரால் குஞ்சுக் கூட்டம் அது. விரால் காற்றைக் குடித்து வாழும் மீன். குஞ்சுகளும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். கீழே, அரை அடி ஆழத்தில், தாயோ தகப்பனோ காவல் நிற்கும். பெரும்பாலும் இரண்டும்.

இந்தத் திட்டைப் பார்த்ததும் கயாக்கில் இருப்பவன் என்ன செய்கிறான்? சத்தமில்லாமல் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ரப்பர் தவளையை அந்தக் கொதிப்பின் நடுவிலேயே போடுகிறான். முதல் வீச்சிலோ இரண்டாவதிலோ 'டமார்'. இரண்டு கிலோ விரால். கேமராவுக்கு ஒரு சிரிப்பு. "மான்ஸ்டர் விரால், மரண அடி" என்று தலைப்பு. கீழே நூறு பேர் "செம தல" என்று வாழ்த்து.

எதற்கு தல வாழ்த்து?

அந்த மீன் பசியில் கடிக்கவில்லை. குஞ்சுக்கு நடுவே வந்து விழுந்த எதிரியை விரட்டக் கடித்தது. அங்கே தவளைக்குப் பதில் செருப்பை வீசியிருந்தாலும் பாய்ந்திருக்கும். எங்கே நிற்கும் என்பதைக் குஞ்சுகளே காட்டிக் கொடுக்கின்றன, கடிக்குமா என்ற சந்தேகமும் இல்லை. இதில் தூண்டில்காரனின் திறமை எந்த இடத்தில் வருகிறது? காற்றையும் வெயிலையும் பார்த்து, கரைக் கல்லோரம் விடியற்காலையில் பத்து வீச்சு போட்டு, ஒரு கடி வாங்குகிறானே, அவன் தூண்டில்காரன். இவன் தொட்டில் பக்கத்தில் ஒளிந்து நிற்பவன்.

சரி, அவர்கள் சொல்லும் சமாதானங்களைப் பார்க்கலாம்.

முதல் சமாதானம்: "பிடிச்சிட்டு திரும்ப விட்டுடறோமே பாஸ்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மீனை இழுத்து, கொக்கி கழற்றி, தராசில் தொங்கவிட்டு, நாலு கோணத்தில் படம் எடுத்து விடுவதற்குள் பத்து நிமிஷம் ஓடிவிடும். அந்தப் பத்து நிமிஷம் குஞ்சுகளுக்குக் காவல் இல்லை. சுற்றிலும் ஜிலேபியும் குறவையும் விருந்துக்குக் காத்திருக்கும். களைத்துப்போன மீன் விட்ட இடத்திலிருந்து நேராகக் குஞ்சிடம் போய்விடும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. வட அமெரிக்காவில் பேஸ் என்ற மீனை வைத்து இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஆண் பேஸ்தான் கூட்டைக் காக்கும். அதைப் பிடித்து உடனே விட்டால்கூட, இடைப்பட்ட நேரத்தில் மற்ற மீன்கள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் காலி செய்வதையும், பல ஆண் மீன்கள் கூட்டையே கைவிட்டுவிடுவதையும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் பேஸ் கூடு கட்டும் காலத்தில் அதைப் பிடிக்கவே கூடாது. சீசன் ஜூன் பிற்பாதியில்தான் திறக்கும். டொராண்டோவில் இருக்கும் தமிழர்களுக்குத் தெரிந்த சேதிதான் இது. ரப்பர் தவளை, பிரெய்டு நூல், கயாக் எல்லாவற்றையும் பேஸ்காரர்களிடமிருந்து இறக்குமதி செய்தவர்கள் சீசன் விதியை மட்டும் கஸ்டம்ஸிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் :-)

(வெளிநாட்டு வீடியோவில் குஞ்சுக் கூட்டத்தைக் குறிவைக்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் விராலின் ஒன்றுவிட்ட சொந்தமான ஒரு ஜாதி வேண்டாத விருந்தாளி. 2002-ல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் அது பெருகியதைப் பார்த்து, குளத்துக்கே மருந்து போட்டுக் கொன்றார்கள். அங்கே அதை ஒழிப்பது ஊருக்குச் செய்யும் உபகாரம். உத்திரமேரூர் ஏரியில் விரால் வீட்டுக்காரன். தெலுங்கானாவில் அதை மாநில மீனாகவே வைத்திருக்கிறார்கள்.)

இரண்டாவது சமாதானம் கொஞ்சம் வலுவானது: "குத்தகைக்காரர் வலை போட்டு ஏரியையே அள்ளுறாரு, ஒத்தத் தூண்டிலால என்ன கெட்டுப்போச்சு?" குத்தகை வலையைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது, சின்னக் கண்ணி வலையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. விரால் இழுவலைக்குச் சுலபத்தில் சிக்காத மீன். வலை வரும்போது சேற்றில் புதையும், இல்லாவிட்டால் வலையைத் தாண்டிக் குதிக்கும். அதைவிட முக்கியம், குஞ்சு வைத்திருக்கும் கோரைக்காட்டுக்குள் வலையை இழுக்கவே முடியாது. வலைக்காரன் நுழைய முடியாத அந்த இடம்தான் விராலின் பிரசவ அறை. அங்கே நுழைகிற ஒரே ஆள் யார்? கொக்கி மேல்நோக்கி உடம்போடு ஒட்டியிருப்பதால் புல்லில் மாட்டாத ரப்பர் தவளையும், ஒரு சாண் தண்ணீரிலும் சத்தமில்லாமல் மிதக்கும் கயாக்கும் வைத்திருப்பவன்.

மூன்றாவது: "தாத்தா காலத்துலேருந்து இப்படித்தான்." தாத்தாக்களை முனிவர்களாக்க வேண்டாம். குஞ்சு இருக்கும் இடத்தில் தாய் இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், அவர்களும் அடித்தார்கள். ஆனால் மூங்கில் கழியும் நூலும் சேர்ந்தாலும் கரையிலிருந்து இருபது அடிக்கு மேல் எட்டாது. கோரைக்கு நடுவில் விரால் பத்திரமாக இருந்ததற்குக் காரணம் தாத்தாவின் கருணை இல்லை, தாத்தாவின் கழி நீளம். இன்றைக்குப் பிரெய்டு நூல் நூறு அடிக்கு மேல் போகிறது. ரப்பர் மாதிரி இழுபடாது, புல்லை அறுத்துக்கொண்டு மீனை வெளியே கொண்டுவந்துவிடும். போதாததற்குப் படகு வேறு. கருவி மாறினால் கட்டுப்பாடும் மாற வேண்டாமா? கடலில் அப்படித்தானே நடந்தது. மோட்டார் போட்ட விசைப்படகுகள் பெருகின. 2001 முதல் 45 நாள், 2017 முதல் 61 நாள் என்று தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காசிமேட்டில் விசைப்படகு கட்டிக் கிடக்கிறது. அதில் வயிற்றுப் பிழைப்பை நம்பியிருப்பவர்கள் இரண்டு மாசம் பொறுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு வருபவனால் பொறுக்க முடியாதாம்.

பி.காம். படிக்கிறவர்களுக்குப் புரிகிற கணக்கு ஒன்று உண்டு. சந்தையில் உயிர் விரால் விலைக்கு கட்லாவும் ரோகுவும் பக்கத்தில் வர முடியாது. அந்தக் குஞ்சுத் திட்டில் இருப்பவை நூற்றுக்கணக்கில். அவற்றில் பெரும்பாலானவை எப்படியும் செத்துப்போகும் என்று வைத்துக்கொண்டாலும், மீதிதான் அடுத்த இரண்டு வருஷத்து வரவு. ஒரு ஜோடியைத் தூக்குகிறவன் வட்டியைச் சாப்பிடவில்லை, முதலில் கை வைக்கிறான். அந்த இடத்தை யார் பிடிப்பார்கள்? 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபி. அது குஞ்சை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும் கெட்டிக்கார மீன். ஜிலேபிக் குஞ்சைத் தின்று அளவோடு வைத்திருப்பதில் விராலுக்குப் பெரிய பங்கு உண்டு. விரால் போன ஏரியில் உள்ளங்கை அகல ஜிலேபியைப் பிடித்து "மரண அடி" என்று யார் வீடியோ போடுவார்கள்?

இதையெல்லாம் யார் கேட்பது, ஏரிக்கு யார் அதிகாரி என்று தோளைக் குலுக்குகிறவர்கள் உத்திரமேரூர்க்காரர்களாக இருந்தால் சிரிப்புதான் வருகிறது. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டிய ஊர் இது. அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு வாரியம். அதற்கு ஆறு பேர். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடவே கூடாது, அவன் சொந்தக்காரன் பெயரையும் கூடாது. பல்லவர் காலத்து வைரமேக தடாகத்தில் தூர் எடுப்பதற்குத் தனியாக நிவந்தம் எழுதி வைத்தார்கள். அந்த ஊர் வாசலில் நின்றுகொண்டு "ஏரிக்கு யார் சார் ஓனர்" என்கிறார்கள்.

அவ்வளவு பழசுக்கும் போக வேண்டாம். பக்கத்து வேடந்தாங்கல் போதும். அதே வடகிழக்குப் பருவமழை, அதே மாதிரி ஓர் ஏரி. அங்கே பறவை கூடு கட்டும் காலத்தில் ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. துப்பாக்கிக்காரர்கள் பறவை சுட வந்தபோது கிராமத்து மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரையை இன்றைக்கு ஒருவன் கல்லால் அடித்து வீடியோ போட்டால் அவனைச் சும்மா விடுவார்களா? கூட்டில் நிற்கும் விராலை அடித்தால் மட்டும் "செம தல". நாரைக்கு இறக்கை இருக்கிறது, விராலுக்கு மிளகாய் மசாலா இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

யாரும் ராடை உடைத்துப் போடச் சொல்லவில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை கோரைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். வேறு மாசத்தில் செம்மஞ்சள் திட்டு கண்ணில் பட்டாலும் துடுப்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தை பிறந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் விரால் கரைக் கல்லோரமும் மதகுப் பக்கமும் ஜிலேபிக் குஞ்சைத் துரத்திக்கொண்டு வரும். ஆறு மணிக்கு முன்னால் போய், கரையில் கால் அதிராமல் நின்று, தவளையைக் கல்லின் மேல் போட்டு மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். அடி விழுந்ததும் இழுத்தால் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெறும் தவளைதான் வரும். நூல் நகரும்வரை ஒரு மூச்சு பொறுத்துத்தான் இழுக்க வேண்டும். பத்தில் ஏழு தப்பும். கயாக் வேண்டுமானால் அப்போது இறக்கட்டும், லைஃப் ஜாக்கெட்டோடு.