சூனியம் என்று வரும் விடை

மனித சரீரம் கைட்டினை உண்டாக்குவதில்லை. நண்டு, இறால்களின் ஓட்டிலும், பூச்சிகளின் மேற்றோலிலும், காளான்களின் செல்சுவரிலும், புழுக்களின் முட்டையோட்டிலும் அமைந்து, செல்லுலோஸுக்கு அடுத்தபடியாகப் பூமியில் மிகுந்து கிடக்கும் இச்சர்க்கரைச் சங்கிலியை அறுக்கும் நொதிக்கு நம் உடம்பில் வேலை ஏது என்ற எண்ணத்தால், மனிதருக்குக் கைட்டினேஸ் இல்லை என்ற அபிப்பிராயமே நெடுங்காலம் நிலவி வந்தது. அந்த அபிப்பிராயத்தைக் கலைத்தது ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சியன்று. அபூர்வமான ஒரு பரம்பரை வியாதி.

1994-ல் ஆம்ஸ்டர்டாமில் ஹொல்லாக், ஆர்ட்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள், கோஷே வியாதி எனப்படும் அதன் லட்சணங்கள் வெளிப்பட்டவர்களின் பிளாஸ்மாவைச் சோதித்தபோது, கைட்டோட்ரையோசிடேஸ் என்று பின்னர் பிரசித்தமான, கைட்டினை அறுக்கும் நொதியின் வீரியம், ஆரோக்கியமானவர்களிடம் காணும் நடுமதிப்பைப் போல அறுநூறு மடங்குக்கும் மேலாக உயர்ந்திருக்கக் கண்டார்கள். குளூக்கோசெரிப்ரோசைடு என்னும் கொழுப்பு தேங்கி வீங்கிய மாக்ரோபேஜ் என்னும் விழுங்கும் செல்களே அதைச் சுரந்து இரத்தத்தில் விடுகின்றன. வியாதிக்கு அது காரணமன்று, சாட்சி மாத்திரமே. ஆயினும் நம்பத்தக்க சாட்சி என்பதால், சிகிச்சை தொடங்கியபின் அம்மதிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது வைத்தியர்களுக்கு வழக்கமாயிற்று.

இந்தச் சாட்சி சிலரிடம் வாய் திறப்பதே இல்லை என்பதைத்தான் நம் ஆய்வுக்கூடங்கள் போதிய அளவு மனத்தில் கொள்ளவில்லை என்று நாம் கருதுகிறோம். கைட்டோட்ரையோசிடேஸ் ஜீனின் பத்தாம் எக்ஸானில், 24 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு, அச்சுக்கோப்பவர் கவனக்குறைவால் ஒரே வரியை இருமுறை கோத்துவிட்டது போல, இரட்டித்துக் காணப்படுவதுண்டு. அவ்விதமான பிரதியைத் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் பெற்றவரிடம் நொதியின் வீரியம் அறவே இராது. ஒரு வழியாக மாத்திரம் பெற்றவரிடம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கும். ஐரோப்பியரில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேர் முதல் வகையினர்; கிழக்காசிய மக்களிடம் இது இன்னும் அதிகம்; ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலோ மிக அரிது. இவர்களில் ஒருவருக்குக் கோஷே வியாதி கண்டால், மண்ணீரல் எவ்வளவு பருத்திருந்தாலும் பரிசோதனையின் விடை சூனியமாகவே இருக்கும். அதைக் கண்டு நோயில்லை என்று எழுதுபவர், பேசாத சாட்சியை மறுத்துரைத்த சாட்சியாகக் கொள்ளும் தவற்றையே செய்கிறார்.

தென்னிந்தியாவுக்கு இதில் நேரான சம்பந்தம் ஒன்று உண்டு. பைலேரியாப் புழுவின் முட்டையோட்டில் கைட்டின் உண்டாதலால், அதைச் சிதைக்கும் நொதி குறைந்தவரை யானைக்கால் நோயின் கிருமி எளிதில் பற்றுமோ என்ற கேள்வி எழுந்தது. இந்நாட்டின் தென்பகுதி மக்களிடையே செய்து 2001-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, வீரியத்தைக் குறைக்கும் ஜீன் வகைக்கும் அத்தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிவித்தது. பின்னர்ப் பாப்புவா நியூகினியில் நிகழ்ந்த ஆராய்ச்சியில் அத்தொடர்பு புலப்படவில்லை. எனவே, குறைபாடுள்ளவர்களை அச்சுறுத்த இதில் ஆதாரமில்லை என்பதே நம் அபிப்பிராயம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாதொரு குறையுமின்றி வாழ்கிறார்கள்.

இரைப்பையிலும் நுரையீரலிலும் இருக்கும் மற்றொரு நொதியான அமிலக் கைட்டினேஸின் கதை இன்னும் சிக்கலானது. 2004-ல் வெளியான ஆராய்ச்சி, ஆஸ்துமாவுக்கு ஒப்பான அழற்சியுற்ற எலிகளில் அந்நொதியைத் தடுத்தால் அழற்சி தணிகிறது என்று காட்டியதும், தடைமருந்து தேடும் உற்சாகம் பெருகிற்று. ஆனால் 2017-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், அந்நொதியே இல்லாத எலிகளின் சுவாசக் குழாய்களில் கைட்டின் சேர்ந்து, வயது ஏற ஏற நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டது. சுவாசத்தோடு உட்புகும் உண்ணித் தூசையும் பூஞ்சைத் துகளையும் அப்புறப்படுத்தும் துப்புரவாளரை, அழற்சி நேர்ந்த இடத்தில் கண்டோம் என்பதற்காகவே குற்றவாளியாக்கிவிட்டோமோ என்ற சந்தேகம் நியாயமானதே. எலியின் நுரையீரலும் மனிதனின் நுரையீரலும் இந்நொதியைச் சமமான அளவில் உண்டாக்குவதில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. (ஒய்.கே.எல்.-40 என்ற புரதத்தைச் சிலர் கைட்டினேஸ் என்றே எழுதுகிறார்கள். அது கைட்டினைப் பற்றுமேயன்றி அறுக்காது.)

கைட்டோட்ரையோசிடேஸ் பரிசோதனையில் நம் ஆய்வுக்கூடங்கள் உடனே கைக்கொள்ளத்தக்க காரியங்கள் சில உண்டு. பரிசோதனைக்குப் பயன்படும் ஒளிரும் கைட்டோட்ரையோசைடை அதிகமாகச் சேர்த்தால், நொதி அறுத்த துண்டை மற்றொரு மூலக்கூறில் ஒட்டவைத்துவிடுவதால், வீரியம் உள்ளதைவிடக் குறைந்தே தோன்றும். ஆகவே எந்தப் பொருளை எவ்வளவு செறிவில் சேர்த்தோம் என்பது அறிக்கையில் இடம்பெற வேண்டும். விடை சூனியமாகவோ மிகக் குறைவாகவோ வருமாயின், அதன் பக்கத்தில் 24 எழுத்து இரட்டிப்புக்கான ஜீன் பரிசோதனையைச் சிபாரிசு செய்தும், சி.சி.எல்.18 என்னும் வேறு குறிப்பானை அளக்கும்படி வைத்தியருக்கு அறிவித்தும் எழுதுதல் அவசியம். உயர்ந்த மதிப்பு வந்தாலும் எச்சரிக்கை வேண்டும்: சார்காய்டோசிஸ், தலசீமியா, நீமன்-பிக் வியாதி ஆகியவற்றிலும் இந்நொதி உயர்வதுண்டு, கோஷே வியாதியை உறுதி செய்வது குளூக்கோசெரிப்ரோசைடைச் சிதைக்கும் நொதியான குளூக்கோசெரிப்ரோசிடேஸின் அளவீடே. சிகிச்சை பெறுபவரின் மதிப்பையோ, பிறருடைய மதிப்போடன்றி, அவருடைய முந்தைய மதிப்போடு, அதே ஆய்வுக்கூடத்தில், அதே முறையில் ஒப்பிட வேண்டும்.