பெட்டியா, வயரா?

காரின் முகப்பில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி இடைவழியில் திணறி நின்றுவிடுகிறது. "ஈ.சி.யு. போய்விட்டது, புதிதாய் மாற்ற வேண்டும்" என்கின்றனர் கராஜில். மாத வருவாயை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது பேரிடியன்றோ? அத்தீர்ப்பை ஏற்குமுன் ஆராய வேண்டியவற்றை இவ்வாரம் நோக்குவோம்.

ஈ.சி.யு. என்னும் இலத்திரனியல் கட்டுப்பாட்டுப் பெட்டியே காரின் மூளை. சென்சர்கள் தரும் செய்திகளைக் கொண்டு, எரிபொருளை எவ்வளவு விசிறுவது, தீப்பொறியை எப்பொழுது எழுப்புவது எனக் கணந்தோறும் கட்டளையிடுவது அதுவே.

சோதனைக் கருவி காட்டும் குறியெண் இறுதித் தீர்ப்பாகாது. நோயாளி வலிக்கும் இடத்தைச் சொல்வது போன்றதே அது. வலியின் காரணம் வேறாயிருக்கலாம். 'பி0606' என்னும் குறியெண் பெட்டியின் உள்ளேயே குறையுண்டு என்று கூறும். எனினும், மின்சாரம் சீராகக் கிட்டாதபோதும் அது தோன்றக்கூடும்.

ஆதலின் முதலில் பற்றரியை அளத்தல் வேண்டும். வண்டி ஓய்ந்திருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ற்றும், எஞ்சின் ஓடுகையில் 14 வோல்ற் அளவிலும் இருப்பது நலம். அடுத்துப் பியூஸ்களையும், எர்த் வயர் காரின் உடலோடு சேருமிடத்தையும் பார்த்தல் வேண்டும். அங்கே துரு ஏறினால் மூளை தடுமாறும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் இதனை மறத்தலாகாது.

இன்னுமொன்றுண்டு. பெட்டி பல சென்சர்களுக்கு 5 வோல்ற் மின்சாரத்தைப் பொதுவாக வழங்குகிறது. ஒரு சென்சரில் குறுஞ்சுற்று ஏற்படின் அவ்வழங்கல் வீழ்ந்து, ஏனைய சென்சர்களும் பொய்யுரைக்கும். பெட்டியே செத்ததுபோல் தோன்றும். சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, எதைக் கழற்றியதும் 5 வோல்ற் மீள்கிறதோ அதுவே குற்றவாளி. அதன் விலையோ பெட்டியின் விலைக்கு ஈடாகாது.

இவை யாவும் செவ்வையாயிருந்தும் கட்டளை வெளிவராவிடில், அப்பொழுதுதான் பெட்டியைக் குறைகூறலாம். அப்பொழுதும், மலிவாய்க் கிடைத்ததென்று வேறொரு காரின் பழைய பெட்டியை வாங்கிவிடாதீர்கள். களவைத் தடுப்பதற்காகப் பல கார்களில் திறப்பும் பெட்டியும் ஒன்றையொன்று அறியுமாறு அமைக்கப்பட்டுள்ளன. அவற்றை முறைப்படி பொருத்தாவிடில் எஞ்சின் இயங்காது.

"எதை அளந்து இம்முடிவுக்கு வந்தீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். கைதேர்ந்த தொழிலாளி அளந்த எண்ணைச் சொல்வார். எண் இல்லாத இடத்தில் பணப்பையைத் திறவாதிருத்தலே இல்லறத்தாருக்கு அழகு.