சுவாசப் பாடமும் பாட்டியின் காயமும்

பாட்டியின் கால் விரலில் சிறு காயம். செருப்பு உரசியது, அவ்வளவுதான். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. "மருந்து சரியில்லை" என்கிறார் ஒருவர். "உடம்பில் சத்து இல்லை" என்று சத்து பானம் வாங்கி வருகிறார் இன்னொருவர். பாட்டியின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. நம்மில் பலரது வீட்டில் நடப்பதுதான் இது.

மாணவர்களே, படிவம் 4 உயிரியலில் உயிரணுச் சுவாசம் ஒரு பாடம். நோய் எதிர்ப்பு வேறொரு பாடம். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

காயம் பட்டதும் முதலில் விரைந்து வருபவை நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள். காயம்பட்ட இடத்தில் உயிர்வளி குறைவு. இவ்வணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவும் குறைவு. அதனால் உயிர்வளி இல்லாமலேயே குளுக்கோஸை உடைத்து ஆற்றல் பெறுகின்றன. இவ்வழியில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கிடைப்பது 2 ஏடிபி மட்டுமே. மைட்டோகாண்ட்ரியா வழியாகச் சென்றால் சுமார் 30 கிடைக்கும். வரவு குறைவுதான், ஆனால் உடனே கிடைக்கிறது.

கிருமியை விழுங்கினால் மட்டும் போதாது, கொல்லவும் வேண்டும். அதற்கான வேதிப்பொருள்களை உண்டாக்க என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு தேவை. அதையும் குளுக்கோஸைக் கொண்டே இவை தயாரிக்கின்றன.

அப்படியானால் சர்க்கரை கூடக் கூட வெள்ளை அணுக்களுக்குக் கொண்டாட்டம்தானே? இல்லை. இரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து மிகும்போது, உயிரணுவுக்குள் உபரி குளுக்கோஸின் ஒரு பகுதி சோர்பிட்டோலாக மாறுகிறது. இந்த மாற்றத்துக்கும் என்ஏடிபிஎச் செலவாகிறது. கிருமியைக் கொல்ல வைத்திருந்த கையிருப்பு கரைகிறது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களின் வெள்ளை அணுக்கள் மந்தமாவதற்கு இது ஒரு காரணம். பாதத்தில் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் குறைந்துவிட்டால், சிறு காயமும் பெரிய புண்ணாகி, விரலையே எடுக்கும் நிலை வரலாம்.

"தேர்வில் இப்படிக் கேட்க மாட்டார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். தேர்வில் வராத கேள்வி நம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

எனவே, இன்று வீட்டில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பெரியவர்கள் கடைசியாக எப்போது சர்க்கரை அளவைச் சோதித்தார்கள்? வாங்கி வந்த அந்தச் சத்து பானத்தில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறது? நீரிழிவு உள்ளவரின் காலில் காயம் பட்டால், எவ்வளவு சிறியதானாலும், மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். உடனே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏன் அவசரம் என்று பாட்டி கேட்டால், விளக்கிச் சொல்ல உங்களிடம் இப்போது பதில் இருக்கிறது.