தூரதிருஷ்டிக் கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டா?

சென்ற ஆயுதபூஜைக்குச் சில நாள் கழித்து, கொங்கு நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றிற்கு நாம் பேசப் போயிருந்தோம். ஊரின் பேரும் பள்ளிக்கூடத்தின் பேரும் இங்கு வேண்டியதில்லை. விஞ்ஞான அறையின் மூலையில் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி நின்றுகொண்டிருந்தது. தொலைநோக்கி என்று இன்று சொல்லுவது அதைத்தான். குழாயின் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், கழுத்தில் காய்ந்துபோன சாமந்தி மாலை. தள்ளிப் பார்த்தோம், அச்சு அசையவில்லை. உள்ளேயிருந்த கிரீஸ் பிசின் போல் இறுகிக் கிடந்தது. பிள்ளைகளுக்கு இதில் என்ன காட்டினீர்கள் என்று உபாத்தியாயரைக் கேட்டோம். "வாங்கின வருஷம் சந்திரனைக் காட்டினோம். எதுவும் நிற்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போகிறது. அதோடு விட்டுவிட்டோம்" என்றார்.

ஓடுவது பெரும்பாலும் சந்திரனல்ல, நாம்தான். பூமி 23 மணி 56 நிமிஷம் 4 விநாடிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்ளுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை. இதற்கென்றேதான் அந்தக் கருவியின் தாங்கியில் பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சு வைத்திருக்கிறார்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்கே உருண்டால், அதே வேகத்தில் அந்த அச்சு குழாயைக் கிழக்கிலிருந்து மேற்கே திருப்பும். நட்சத்திரம் நடுக்கண்ணாடியில் நின்றபடி நிற்கும். ஆனால் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால்தானே? ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை அது வடக்கே சாய்ந்து எழும்பியிருக்க வேண்டும். கன்னியாகுமரிக்கு 8, சென்னைக்கு 13, இலண்டனுக்கு 51. நாம் போன ஊருக்கு 11. அங்கே இருந்த கருவியின் அளவுகோல் 40இல் நின்றது! அதாவது சீமையிலிருந்து பெட்டியில் வந்தபடியே வந்து, வந்தபடியே பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது. அதைத் தளர்த்தும் திருகாணியை ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. அச்சு நோக்க வேண்டிய இடம் வட துருவம். துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நமது புராணக்காரரும், துருவன் தவம் செய்து அசையாத பதவி வாங்கினான் என்று கதை சொல்லுகிறார். கல்யாணத்தில் பட்டப்பகலில் பந்தலின் கூரையைக் காட்டி, அதோ துருவன், அதோ அருந்ததி என்று தட்சணை வாங்கும் புரோகிதரும் அதையேதான் சொல்லுகிறார். கருவியைச் சரியாக நிறுத்தி ஒரு இரவு பார்த்தவனுக்கு அந்தப் புளுகு வெளியாகிவிடும். துருவ நட்சத்திரம் துருவத்தில் இல்லை. அரைப் பாகைக்கு மேல், அதாவது பௌர்ணமிச் சந்திரனின் அகலத்துக்கும் அதிகமாக விலகியிருக்கிறது. மற்ற நட்சத்திரங்களைப் போலவே அதுவும் சுற்றுகிறது, வட்டம்தான் சிறியது. 2100ஆம் வருஷம் வாக்கில் துருவத்திற்கு மிக அருகே வந்து, பிறகு விலகிப்போகும். அசையாத பதவியின் யோக்கியதை இதுதான்!

அப்படியானால் கருவியை எதைக் கொண்டு சரிபார்ப்பது? நட்சத்திரத்தைக் கொண்டேதான். ஓரியன் கூட்டத்தின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கின்றனவே, அவற்றில் மேற்கோரத்து நட்சத்திரம் கிட்டத்தட்ட ஆகாயத்தின் நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. அது உச்சத்திற்கு வரும்போது கண்ணாடியில் பிடித்து, மோட்டாரை ஓடவிட்டுச் சும்மா கவனிக்க வேண்டும். அது மெல்லத் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே அதிகம். பிறகு கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தால், தெற்கே நகர்வது அச்சின் தாழ்வையும், வடக்கே நகர்வது உயர்வையும் காட்டும். கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகத் தெரிவதால், எது வடக்கு என்பதை முதலில் குழாயை ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறிது திருப்பு, மறுபடி பார், மறுபடி திருப்பு. இதற்கு மந்திரமில்லை, பொறுமை வேண்டும்.

இப்படித் தன் தப்பைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளுகிற பழக்கம் பஞ்சாங்கக்காரருக்கு உண்டா? பூமியின் அச்சே 26,000 வருஷத்திற்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தள்ளாடுகிறது. அதன் பலனாக, சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். பஞ்சாங்கமோ தை முதல் தேதியில் உத்தராயணம் என்கிறது. ஏறக்குறைய 1,700 வருஷங்களுக்கு முன் சரியாக இருந்த கணக்கு அது. குச்சி ஒன்றை நட்டு நிழலை அளக்கிற பள்ளிப் பிள்ளைக்குத் தெரியக்கூடிய பிழையை, புண்ணியகாலம் என்று சொல்லி இன்றும் விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் நாம்!

நமது நாட்டாருக்கு இந்த வேலை வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி 1986 முதல் இருக்கிறது. அதன் பெருந்தாங்கியும் இதே சூத்திரத்தின்படி 12½ பாகையில் சாய்ந்தது. 1977 மார்ச்சில், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போன இரவில், அங்கிருந்த 1 மீட்டர் கண்ணாடியும் அந்த நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே மங்கியதைப் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அந்த இரவின் வேலையால்தான். அன்று அந்த அச்சு பிசின் பிடித்து நின்றிருந்தால், எந்தச் சந்தனம் அதைத் திருப்பியிருக்கும்?

நிற்க. பள்ளிக்கூடத்துக் கருவியை என்ன செய்தோம் என்றால், ஊர் சைக்கிள் கடைத் தோழர் ஒருவரை அழைத்துவந்தோம். பழைய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். பல் சக்கரத்தையும் அதைத் தள்ளும் திருகுத் தண்டையும் துடைத்து, இடுக்கில் ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் ஒட்டவைத்தார். 40ஐ 11 ஆக்கியபோது எடைக்குண்டு முக்காலியின் காலில் இடித்தது. முக்காலியைத் திருப்பிவைத்ததும் சரியாயிற்று. அன்றிரவு 8 மணிக்கு மேல் சனிக்கிரகம் இருபது நிமிஷம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒரு பெண், வளையத்தைப் பார்த்துவிட்டு, "சனி பிடித்தது என்பார்களே, அது இதுவா?" என்று கேட்டாள். உபாத்தியாயர் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஆயுதபூஜைக்கு முன் அந்தப் பள்ளிக்கூடத்திற்கு ஒரு டப்பா கிரீஸ் அனுப்பிவைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.